ஜாவா 8-லிருந்து மேலே ஏறும்போது சறுக்கும் இடங்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பழைய ப்ராஜெக்ட் ஒன்றில் சேர்ந்தால், அது இன்னும் ஜாவா 8-ல் ஓடிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 2014 மார்ச்சில் வந்த வெர்ஷன் அது. ஒருநாள் அமெரிக்க கிளையன்ட் ஜாவா 21-க்கு மாற்றச் சொல்வார். மேனேஜர் அந்த வேலையை டீமில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் கட்டுவார். அவரும் வெர்ஷன் எண்ணை மாற்றி, வந்த எரர்களையெல்லாம் தீர்த்துவிட்டு, "பில்ட் பாஸ் ஆயிடுச்சுண்ணா" என்று வந்து நிற்பார். பாதி வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது.

ஜாவாவையும், அதில் அப்ளிகேஷன் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட் என்ற ஃப்ரேம்வொர்க்கையும் ஒரே பிராஞ்சில் (கோடின் தனிக் கிளையில்) சேர்த்து மாற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்கவே நாள் போய்விடும். ஸ்பிரிங் பூட் 2.7, ஜாவா 17-லும் ஓடும். முதலில் அங்கே போய் நின்று, ப்ரொடக்‌ஷனில் (உண்மையான பயனர்கள் பயன்படுத்தும் சர்வரில்) கொஞ்ச நாள் ஓடவிட்டு, அப்புறம் ஸ்பிரிங் பூட் 3-க்குப் போகலாம்.

ஸ்பிரிங் பூட் 3-ல் ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பல பேக்கேஜ்கள் (கோடுத் தொகுப்புகள்) ஜகார்த்தா என்று மாறிவிட்டன. உடனே ப்ராஜெக்ட் முழுக்க 'ரீப்ளேஸ் ஆல்' கொடுப்பவர்கள் உண்டு. சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வாலிடேஷன் எல்லாம் மாறியவை, சரி. ஆனால் ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்.கிரிப்டோ இரண்டும் ஜாவாவுக்குள்ளேயே இருப்பவை, பெயர் மாறவில்லை. ஓப்பன்ரீரைட் போன்ற கருவியிடம் விட்டால் இந்த வித்தியாசம் தெரிந்து மாற்றும். எப்படியும் கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் இதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பெரிய ஆபத்தில்லை.

ஆபத்து டேட்டாபேஸ் பக்கம். ஸ்பிரிங் பூட் 3-உடன், ஜாவா கோடையும் டேட்டாபேஸையும் இணைக்கும் ஹைபர்நேட் என்ற லைப்ரரியின் 6-வது வெர்ஷன் வருகிறது. ஐடி உருவாக்குவதை 'ஆட்டோ' என்று விட்டிருந்தால், முன்பு எல்லா டேபிளுக்கும் ஹைபர்நேட்_சீக்வன்ஸ் என்ற ஒரே சீக்வன்ஸ்தான் (அடுத்த ஐடி எண்ணைத் தரும் கவுண்டர்). இப்போது ஒவ்வொரு என்டிட்டிக்கும் (டேபிளைக் குறிக்கும் ஜாவா கிளாஸ்) தனித்தனியாகத் தேடும். 'சீக்வன்ஸ் இல்லை' என்று எரர் வரும். அவசரத்தில் யாரோ ஒருவர் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடுவார், 1-லிருந்து. டெஸ்ட் டேட்டாபேஸ் காலியாக இருப்பதால் அங்கே எல்லாம் பச்சை. லட்சக்கணக்கான வரிசைகள் உள்ள ப்ரொடக்‌ஷன் டேபிளில் முதல் இன்சர்ட்டே பிரைமரி கீ மோதலில் (ஏற்கெனவே உள்ள ஐடியே மறுபடி வந்து) விழும். போதாக்குறைக்கு, சீக்வன்ஸ் எண் ஒவ்வொரு முறையும் தாவுவது இப்போது 1 அல்ல, 50. பழைய பெயரிடும் முறையையே வைத்துக்கொள்ள ஹைபர்நேட்டில் செட்டிங் இருக்கிறது; மாற்றத்தான் வேண்டுமென்றால், டேபிளில் உள்ள மிகப்பெரிய ஐடிக்கு மேலே தொடங்குங்கள். டெஸ்டையும் ப்ரொடக்‌ஷன் டேட்டாவின் நகலில் ஓட்டுங்கள். பெயர், ஃபோன் எண்களை மறைத்துவிட்டுத்தான்.

இன்னும் இரண்டு சிக்கல்கள், கம்பைலர் கண்ணில் படவே படாது. ஜாவா 18 முதல் ஃபைல் படிக்கும் இயல்பு என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் முறை) எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8. விண்டோஸ் சர்வரில் பழைய வெர்ஷன் எழுதிவைத்த ஃபைலில் வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறி இருந்தால், இப்போது படிக்கும்போது அந்த இடத்தில் குப்பை எழுத்து நிற்கும். எக்ஸப்ஷன் எதுவும் வராது. படிக்கும் இடம் ஒவ்வொன்றிலும் என்கோடிங்கை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். ஜாவா 20 முதல், அமெரிக்க ஆங்கில லோக்கேலில் (அந்த நாட்டு வழக்கப்படி நேரத்தைக் காட்டும் அமைப்பில்) '5:30 பிஎம்' என்பதன் நடுவே வருவது சாதாரண இடைவெளி அல்ல, குறுகிய வேறொரு யூனிகோட் எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜாவா 21-ல் சாதாரண இடைவெளியுள்ள பழைய டெக்ஸ்டை நேரமாகப் பார்ஸ் செய்யப்போனால் தோற்கும். லாக்கை வெறித்துப் பார்த்தால் விடை கிடைக்காது, எழுத்தின் ஹெக்ஸ் குறியீட்டு எண்ணைப் பார்க்க வேண்டும்.

புதிய வெர்ஷனை டெப்ளாய் செய்யத் தேதி குறிப்பதிலும் கவனம் வேண்டும். வெள்ளி மாலை டெப்ளாய் செய்துவிட்டு மடிவாளாவில் ஊருக்குப் பஸ் ஏறுகிற திட்டம் வேண்டாம். பொங்கல் வாரம் கூடவே கூடாது. செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய பில்டையும் பழைய சீக்வன்ஸையும் உடனே அழிக்காதீர்கள். மாத முடிவு ரிப்போர்ட் ஒருமுறை ஓடி முடியட்டும்.