27 இன்ச் மானிட்டரில் எழுத்து நிழலடித்தால்

கடலூர் வீட்டு டெஸ்க்டாப்பில் புது 27 இன்ச் மானிட்டரை மாட்டியதும் எழுத்தெல்லாம் நிழலடித்தது. பேனலில் கோளாறில்லை. பழைய விஜிஏ கேபிள்தான்: படம் அனலாக்காக மாறிப் போய், மானிட்டருக்குள் மறுபடி டிஜிட்டல் ஆகும்போது விளிம்பு கரைந்துவிடும். எச்டிஎம்ஐ போட்டு, ரெசல்யூஷனை 1920 × 1080 என்று வைத்ததும் நிழல் போனது.

அடுத்து, கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. கிராபிக்ஸ் கார்டு மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்டு 0 முதல் 255 வரையுள்ள ஒளி அளவில் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பினால் இப்படி ஆகும். டிரைவர் செட்டிங்ஸில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை 'ஃபுல்' ஆக்கியதும் சரியானது.

ஒன்று மட்டும் தீரவில்லை. 27 இன்ச்சில் 1080 என்பது அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்தான். 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழி கிட்டத்தில் படிக்கட்டாகத் தெரியும். 24 இன்ச்சில் 92 வரும், தமிழ் டைப் செய்ய அதுவே போதும். 27தான் வேண்டுமா, 2560 × 1440 எடுங்கள், 109 கிடைக்கும். அதற்குமுன் சிபியுவின் பின்பக்கம் பாருங்கள்: மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் சிப்பில் உள்ள கிராபிக்ஸில் எச்டிஎம்ஐ 1920 × 1200ஐத் தாண்டாது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை போர்ட் இருந்தால் தப்பித்தீர்கள்.

கடற்காற்றில் பின்கள் களிம்பேறும். படம் விட்டுவிட்டு வந்தால் முதலில் கேபிளைக் கழற்றித் துடையுங்கள்.