ஸ்க்விட் லாக் கோப்பின் நேர எண்ணைத் தேதியாக்கிப் படிப்பது எப்படி

இணையக் கோரிக்கைகளை இடையில் நின்று வாங்கித் தரும் ஸ்க்விட் ப்ராக்ஸியின் ஆக்சஸ் லாகில் (அந்தக் கோரிக்கைகளைப் பதியும் கோப்பில்) ஒவ்வொரு வரியும் இப்படித்தான் தொடங்கும்:

1700000000.482    153 192.0.2.15

முதலில் நிற்கும் எண், 1970 ஜனவரி 1 யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு முதல் கடந்த நொடிகள். புள்ளிக்குப் பின்னால் வருவது மில்லிநொடி. நேற்று மாலை நெட் எப்போது நின்றது என்று தேடுகிறவருக்கு இதைப் பார்த்து ஒன்றும் புரியாது. அதற்காக ஸ்க்விட்டின் கான்ஃபிக்கில் கைவைத்து லாக் வடிவத்தையே மாற்றிவிடாதீர்கள். நேர மண்டலக் குழப்பமில்லாத, கழித்துக் கூட்ட எளிதான குறிப்பு இதுதான். கோப்பு அப்படியே இருக்கட்டும், படிக்கும்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து என்று சொல்லாத இடத்தில் எல்லாம் சிறிய எழுத்து.

ஒரே ஒரு எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால், லினக்ஸில் டேட் கட்டளைக்கு -டி (டேட்டின் முதல் எழுத்து) கொடுத்து, பிறகு @ குறியோடு ஒட்டி எண்ணைக் கொடுத்தால் போதும். மேக்கில் -ஆர் கொடுத்து வெறும் எண். 1700000000 என்று கொடுத்தால் இந்திய நேரத்தில் 2023 நவம்பர் 15, 03:43:20 வர வேண்டும். யுடிசியில் நவம்பர் 14, 22:13:20. இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எந்தக் கட்டளையையும் முதலில் இந்த எண்ணைக் கொடுத்துச் சோதித்துவிடலாம்.

முழுக் கோப்பு என்றால் பலரும் ஒரு லூப் எழுதி, வரிக்கு ஒரு முறை டேட்டை அழைப்பார்கள். லட்சம் வரிக்கு லட்சம் ப்ராசஸ் பிறந்து சாகும், மெஷின் திணறும். வரி வரியாகப் படித்து மாற்றும் ஆக் (ஏ-டபிள்யூ-கே) ஒரே ப்ராசஸில் முடித்துவிடும். அதன் குனூ பதிப்பான ஜிஆக்கில் இப்படி:

ஜிஆக் '{ சப்(/^[0-9]+/, ஸ்ட்ரெஃப்டைம்("%எஃப் %டி", $1)); பிரின்ட் }' < ஆக்சஸ்.லாக்

சதவீதக் குறிக்கு அடுத்த எஃப், டி (டைம் என்பதன் முதல் எழுத்து) இரண்டும் பெரிய எழுத்து. விளைவு:

2023-11-15 03:43:20.482    153 192.0.2.15

சப் மாற்றுவது வரித் தொடக்கத்தில் உள்ள இலக்கங்களை மட்டும், புள்ளியில் நின்றுவிடும். அதனால் மில்லிநொடி தானாகவே தேதிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. $1-க்கு நேரடியாகப் புது மதிப்பைக் கொடுத்தாலும் தேதி வரும், ஆனால் ஆக் வரியை மறுபடி கோத்து, ஸ்க்விட் நெடுவரிசை ஒழுங்குக்காக விட்ட இடைவெளிகளையெல்லாம் ஒன்றாகச் சுருக்கிவிடும், மில்லிநொடியும் போய்விடும்.

வரித் தொடக்கத்தைக் குறிக்கும் ^ குறியை விட்டுவிடாதீர்கள். வரியில் எங்கே இருந்தாலும் பத்து இலக்க எண்ணை மாற்று என்று எழுதினால், யுஆர்எல்லுக்குள் இருக்கும் மொபைல் எண்ணும் இருபத்திரண்டாம் அல்லது இருபத்துமூன்றாம் நூற்றாண்டுத் தேதியாகிவிடும்.

இன்னொன்று: தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் இடைவெளி வந்ததால் ஃபீல்டு எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது. மூன்றாவதாக இருந்த ஐபி முகவரி இப்போது நான்காவது. அடுத்து ஃபீல்டுகளைப் பிரித்தெடுக்க கட் கட்டளை அல்லது இன்னொரு ஆக் வைப்பதாக இருந்தால், இடைவெளிக்குப் பதிலாக பெரிய டி எழுத்து ஒன்றை நடுவில் போட்டுவிடுங்கள். மாதப் பெயர் தரும் வடிவங்களைத் தவிர்ப்பது நல்லது. லோக்கேல் (மொழி அமைப்பு) தமிழாக இருக்கும் மெஷினில் மாதம் தமிழில் வரலாம். ஆங்கிலப் பெயரைத் தேடும் கிரெப் கட்டளை வெறுங்கையோடு திரும்பும். ஆண்டு-மாதம்-நாள் என்று இலக்கமாக இருந்தால் சார்ட்டும் சரியாக அடுக்கும்.

ஜிஆக்குக்குப் பதிலாக ஆக் என்று அடித்து, ஸ்ட்ரெஃப்டைம் என்ற ஃபங்ஷனே இல்லை என்று பிழை வந்தால், அந்த மெஷினில் ஆக் என்ற பெயரில் ஓடுவது பழைய மாக் 1.3.3 போன்ற வேறொரு ஆக்காக இருக்கலாம். ஜிஆக் நிறுவிக்கொள்ளுங்கள்.

அதிகம் தவறு நடப்பது நேர மண்டலத்தில்தான். சர்வர் பெரும்பாலும் யுடிசியில் ஓடும். அங்கே மாற்றினால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய தேதி வரும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. கட்டளைக்கு முன்னால், பெரிய எழுத்தில் டிஇசட் (டைம் ஸோன் என்பதன் சுருக்கம்) என்ற மாறிக்கு ஏஷியா/கொல்கத்தா என்று மதிப்புக் கொடுங்கள்; இதில் முதல் எழுத்துகளான ஏ, கே இரண்டும் பெரிய எழுத்து. ஐஎஸ்டி என்று சுருக்கமாகக் கொடுத்தால் லினக்ஸ் பிழை எதுவும் காட்டாது. யுடிசி நேரத்தையே எடுத்து, மண்டலப் பெயரைக் கேட்டால் ஐஎஸ்டி என்று முத்திரை குத்தித் தரும். எழுத்துப் பிழையோடு ஊர் பெயர் கொடுத்தாலும் இதே கதிதான். இலங்கை சர்வர்களுக்கு ஏஷியா/கொலம்போ (ஏ, சி பெரிய எழுத்து) என்றே கொடுங்கள்: இன்று இரண்டும் ஒரே நேரம்தான், ஆனால் 2006 ஏப்ரல் வரை இலங்கை யுடிசிக்கு ஆறு மணி நேரம் முன்னால் இருந்தது.

மாறியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கோப்பை கேட் கட்டளையால் படித்து, பைப் வழியாக ஜிஆக்குக்கு அனுப்பும்போது, மாறியை கேட் கட்டளைக்கு முன்னால் வைத்தால் அது கேட் கட்டளைக்கு மட்டுமே போய்ச் சேரும். தேதி கணக்கிடும் ஜிஆக்குக்குத் தெரியவே தெரியாது. ஜிஆக் என்ற சொல்லை ஒட்டி, அதற்கு முன்னால் வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் லாகைப் பார்க்க, கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கட்டளையை பெரிய எஃப் ஆப்ஷனோடு ஓட்டி ஜிஆக்குக்குள் பைப் செய்யுங்கள். சிறிய எஃப் வைத்தால் லாக் ரொட்டேட் ஆனதும் (பழையது ஒதுக்கப்பட்டுப் புதுக் கோப்பு தொடங்கியதும்) பழைய கோப்பையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஜிஆக்குக்குப் பின்னால் கிரெப் போட்டதும் திரை உறைந்தது போலத் தோன்றினால் கோளாறு பஃபரில்: வெளியீடு பைப்புக்குள் போகும்போது ஜிஆக் வரி வரியாக அனுப்பாமல் சேர்த்து வைத்துத் தள்ளும். பிரின்ட்டுக்குப் பிறகு எஃப்ஃப்ளஷ்() சேர்த்தால் தீர்ந்தது.

வேறு மென்பொருளின் லாகில் பதின்மூன்று இலக்கம் இருந்தால் அது மில்லிநொடி, பதினாறு மைக்ரோநொடி, பத்தொன்பது நானோநொடி. வகுக்கப் போகாமல், சப்ஸ்ட்ர் வைத்து முதல் பத்து இலக்கத்தை வெட்டி எடுங்கள். ஆக்கின் எண்கள் பத்தொன்பது இலக்கத்தைத் துல்லியமாகத் தாங்காது.

விளைவைக் கோப்பில் சேமிப்பதாக இருந்தால் பெயர் வேறாக இருக்கட்டும். மூலக் கோப்பின் பெயரையே > குறிக்குப் பின்னால் கொடுத்தால், ஜிஆக் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும். லாக் போனது போனதுதான். முடிந்ததும் இரண்டு கோப்புகளின் வரி எண்ணிக்கையையும் டபிள்யூசி -எல் வைத்து ஒப்பிடுங்கள்.

குறிப்பிட்ட நேரத்து வரிகள் மட்டும் போதும் என்றால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத் தேட வேண்டியதில்லை. எல்லைகளை எண்ணாக்கிக்கொள்ளுங்கள்: லினக்ஸில் டேட் கட்டளைக்கு -டி '2023-11-15 03:30' கொடுத்து, கடைசியில் +%எஸ் சேர்த்தால் இந்திய நேரத்தில் 1699999200 வரும், 04:00-க்கு 1700001000. ஜிஆக் கட்டளையின் மேற்கோளுக்குள், நெளி அடைப்புக்கு முன்னால் $1 >= 1699999200 && $1 < 1700001000 என்று நிபந்தனை வைத்துவிட்டால், அந்த அரை மணி நேரத்து வரிகள் மட்டும் தேதியோடு வந்து விழும்.