பெண் குழந்தைக்கு ஆண்பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகளுக்குக் கதிர் என்றோ தமிழ் என்றோ பெயர் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. அன்பு, அருள், மதி, எழில், முத்து, செல்வம் என்று இருபாலுக்கும் புழங்கும் பெயர்கள் நம்மிடம் நிறையவே உண்டு. நெல்லைப் பக்கம் இசக்கி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பெயரின் ஈற்றையும், பக்கத்தில் வந்து உட்காரும் அப்பா பெயரையும், ஆங்கில எழுத்தையும் பார்க்காமல் முடிவு செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது.

அப்பா பெயரோடு சேர்த்துப் படிக்காமல் விடுவது

பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பள்ளி வருகைப் பதிவேட்டில் 'வே. கதிர்' என்று இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பெயர்க் கட்டத்தில் கதிர், சர்நேம் கட்டத்தில் வேலன். சேர்த்துப் படித்தால் கதிர்வேலன்! இரண்டு பேருடைய பெயர் ஒட்டி, முழுசாக ஓர் ஆணின் பெயராகிவிட்டது. முத்துவுக்கு அப்பா குமார் என்றால் முத்துக்குமார். தமிழுக்கு அப்பா செல்வன் என்றால் தமிழ்ச்செல்வன். மதிக்கு அப்பா வாணன் என்றால் மதிவாணன்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. அப்பா பெயர் என்றைக்காவது பக்கத்தில் வந்தே தீரும்.

அதனால் பெயரை முடிவு செய்யும் முன் ஒரு தாளில் மூன்று விதமாக எழுதுங்கள்: தலைப்பெழுத்தோடு, அப்பா பெயர் பின்னால் வர, அப்பா பெயர் முன்னால் வர. மூன்றையும் குழந்தையைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால், பிடித்த சொல்லைக் கைவிட வேண்டியதில்லை, நீட்டினால் போதும். தமிழ் என்பதைத் தமிழினி ஆக்கலாம், மதியை மதிவதனி ஆக்கலாம், முத்துவை முத்துச்செல்வி ஆக்கலாம். வீட்டில் முத்து என்றே கூப்பிட்டுக்கொள்ளலாம். அம்மா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து இரண்டு தலைப்பெழுத்து வைத்தாலும் விரிக்கும்போது ஒட்டு விட்டுப்போகும்.

'அன்' விகுதியை அப்படியே வைப்பது

தமிழில் வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். "கதிர் தூங்கிட்டாளா?" என்று கேட்டால் காதில் உறுத்தாது, ஏனென்றால் கதிர் என்ற சொல்லுக்குப் பால் கிடையாது. "கபிலன் தூங்கிட்டாளா?" என்று கேட்டுப் பாருங்கள். 'அன்' ஒரு பக்கம் இழுக்கிறது, 'ஆள்' இன்னொரு பக்கம் இழுக்கிறது. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இது நடக்கும்.

தாத்தா பெயரைப் பேத்திக்கு வைக்கும்போதுதான் இந்தத் தவறு அதிகம். பெயர்த்தி என்பதுதான் பேத்தி ஆயிற்று. தாத்தா பாட்டி பெயரைத் தாங்குகிறவள் என்றே பொருள். நம் பெரியவர்கள் இதை அழகாகச் செய்தார்கள். கருப்பன் பெயரைப் பேத்திக்குக் கருப்பாயி என்று வைத்தார்கள், முருகனை முருகம்மாள் ஆக்கினார்கள், ராமனை ராமாயி ஆக்கினார்கள். கொங்குப் பக்கம் பழனி பழனியாத்தாள் ஆனது. பெயரும் போகவில்லை, பாலும் குழம்பவில்லை. இன்றைக்கு அந்த ஈறுகள் பழசாகத் தோன்றினால் விகுதியை எடுத்துவிட்டு அடிச்சொல்லை மட்டும் வையுங்கள்: முகிலன் முகில் ஆகும், எழிலன் எழில் ஆகும், இனியனுக்கு இனியா இருக்கிறது. ஆனால் எல்லாப் பெயரையும் இப்படி வெட்ட முடியாது. மாறனை வெட்டினால் மாறு மிஞ்சும், அது விளக்குமாற்றில் கொண்டுபோய் விடும். நம்பி போன்ற பெயருக்கு நங்கை என்று இலக்கணத்திலேயே இணை இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம்.

'ஆ'வில் முடிந்தால் பெண்பெயர் என்று நம்புவது

இணையப் பட்டியல்களில் எடுக்கும் வடமொழிப் பெயர்களில் இந்தக் குழப்பம். சூர்ய, ஆதித்ய என்று குறிலில் முடியும் ஆண்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'ஏ' வருகிறது. நாம் அதைச் சூர்யா, ஆதித்யா என்று நெடிலாகப் படிக்கிறோம். பெண்பெயர்களில் வரும் நெடிலுக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துதான். அதனால் நித்யா பெண், ஆதித்யா ஆண். ஆர்யா என்றால் இங்கே பலருக்கு நடிகர் நினைவு வரும். கேரளத்தில் பெண்களுக்குச் சாதாரணமாக வைக்கிறார்கள். கிரண் என்பது வடக்கே இருபாலுக்கும் உண்டு, கிரண் பேடியைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் தமிழ்க் காதுக்கு அது பையன் பெயர்தான். அருண், அருணா இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு. தட்டச்சில் அது விழுந்தால் ஆளே மாறிவிடும்.

ஏமாற்றத்தைப் பெயராக்குவது

பையன் பிறப்பான் என்று எடுத்து வைத்திருந்த பெயரை மகள்மேல் போர்த்துவது, அடுத்தது பையனாகப் பிறக்கட்டும் என்று ஆண்பெயர் வைப்பது. மற்ற தவறுகளைத் திருத்திவிடலாம், இதைத் திருத்துவது கடினம், ஏனென்றால் பெயருக்குக் காரணம் என்ன என்று அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்பாள். திருத்தணிப் பக்கம் 'வேண்டாம்' என்றும், தென்மாவட்டங்களில் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் தாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் வேண்டாதவள் என்று பொருள்படும் நகுசா என்ற பெயரோடு வளர்ந்த 285 பெண்பிள்ளைகளுக்கு 2011 அக்டோபரில் சதாரா மாவட்டத்தில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். ஆண்பெயர் அவ்வளவு வெளிப்படையாகக் காயப்படுத்தாது, ஆனால் காரணம் ஒன்றென்றால் வலியும் ஒன்றுதான். பிரசவத்துக்கு முன்பே இரண்டு பாலுக்கும் ஒரே அக்கறையோடு பெயர் தேடி வையுங்கள். "எங்க தாத்தா பேரு, எனக்கு வச்சாங்க" என்று அவள் நிமிர்ந்து சொல்லும்படி ஒரு காரணம் இருக்கட்டும்.

21 நாளுக்குள் பெயர் வேண்டும் என்று அவசரப்படுவது

21 நாள் கெடு பிறப்பைப் பதிவதற்கு, பெயருக்கு அல்ல. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிந்ததிலிருந்து 12 மாதம்வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை நேரம் உண்டு. ஆனால் சேர்த்த பெயரை மனம் மாறியதும் மாற்ற முடியாது. எழுத்துப்பிழையைத்தான் பதிவாளர் திருத்துவார். வேறு பெயர் வேண்டுமென்றால் அரசிதழ் வரை போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியின் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே ஒன்றிரண்டு மாதம் வீட்டில் அந்தப் பெயரால் கூப்பிட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைப் படித்துவிட்டுப் பாலினக் கட்டத்தையும் பாருங்கள். பெயர் ஆண்பெயராக இருக்கும்போது அவளைப் பெண் என்று சொல்ல அந்தத் தாளில் இருப்பது அந்த ஒரு கட்டம்தான். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் அதையே சரிபாருங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணியில் பெண்களுக்குள்ள 30 சதவீத இடத்துக்கு அவள் விண்ணப்பிக்கும்போதும் பார்க்கப்போவது பெயரை அல்ல, அந்தக் கட்டத்தைத்தான்.