காற்றடிக்கும் டைம் ட்ரையலுக்குச் சக்கரம் தேர்ந்தெடுப்பது எப்படி?

டைம் ட்ரையல் என்பது கடிகாரத்தை எதிர்த்து ஒவ்வொருவராகத் தனியாக ஓட்டும் சைக்கிள் பந்தயம். அதில் யார் முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்க முடியாது. முழுக் காற்றையும் நீங்களேதான் எதிர்கொள்ள வேண்டும். சமதரையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால், நீங்கள் மிதிக்கும் சக்தியில் ஏறத்தாழ 80 சதவீதமோ அதற்கு மேலோ காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் 1984-இல் மெக்சிகோ நகர வேலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத் தடகளம்) டிஸ்க் வீல்களோடு (கம்பிகள் தெரியாமல் தட்டுப்போல் முழுதும் மூடிய சக்கரங்கள்) ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. ஓட்டியதைப் பார்த்த பிறகு, இந்தச் சக்கரங்கள்மேல் எல்லோருக்கும் ஆசை வந்தது. ஆனால் சாலையில் பக்கவாட்டிலிருந்தும் காற்று அடிக்கும். அப்போது எது வேகமான சக்கரம் என்பதைவிட, எந்தச் சக்கரத்தில் குனிந்த நிலை கலையாமல் ஓட்ட முடியும் என்பதுதான் முக்கியம். காரணம் எளிது. காற்றுத் தடையில் சுமார் முக்கால் பங்கு உங்கள் உடம்பினுடையது. ரிம் என்பது டயர் உட்காரும் வெளிவளையம். அதன் ஆழம், அதாவது சக்கர மையத்தை நோக்கிய உயரம், 50 மி.மீ. உள்ளதிலிருந்து 80 மி.மீ. உள்ளதுக்கு மாறினால் மிச்சமாவது சில வாட்தான். பயந்து ஏரோ பாரிலிருந்து (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட முன்னால் நீளும் கைப்பிடி) கையை எடுத்து நிமிர்ந்தீர்கள் என்றால் அதைப்போல் பல மடங்கு போய்விடும்.

படி 1: காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்று பாருங்கள்

நீங்கள் ஓட்டும் வேகமும் பக்கக்காற்றின் வேகமும் சேர்ந்துதான் சக்கரத்தில் மோதும் காற்றின் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சரியாகப் பக்கவாட்டிலிருந்து காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அது சுமார் 11 டிகிரி, 40-இல் போகிறவருக்கு 14 டிகிரி, 30-இல் போகிறவருக்கு 18 டிகிரி. மெதுவாகப் போகிறவருக்குத்தான் பக்கக்காற்று அதிகம். வேகமான வீரர்கள் பயன்படுத்தும் சக்கரத்தை அப்படியே பார்த்து வாங்கக் கூடாது என்று புதியவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வானிலை முன்னறிவிப்பில் வரும் காற்று வேகம் பொதுவாக 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. உங்கள் உயரத்தில் அது குறைவாக இருக்கும். மரங்கள், கட்டடங்கள் நடுவே இன்னும் குறையும். ஆனால் திடீர் வீச்சு என்று தனியாக ஓர் எண் கொடுப்பார்கள், அதைத் தவறாமல் பாருங்கள். ஒரே சீராக அடிக்கும் காற்றுக்குச் சாய்ந்து கொடுத்து ஓட்டிவிடலாம். விட்டு விட்டு அடிப்பதுதான் ஆளைத் தள்ளும்.

படி 2: பின்சக்கரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இது சுலபம். பந்தய விதி அனுமதித்தால் பின்னால் டிஸ்க் வீல் போடுங்கள். பின்சக்கரம் திரும்புவதில்லை, உங்கள் எடையிலும் கணிசமான பகுதி அதன்மேல் இருக்கிறது. அதனால் பக்கக்காற்று அதைத் தள்ளினாலும் ஹேண்டில்பார் முறுக்கிக்கொள்ளாது. அம்பின் வாலில் இறகு கட்டினால் அது நேராகப் போவதுபோல, பின்னால் பரப்பு கூடினால் வண்டி சற்று நிதானப்படவும் செய்யும். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கோணம் வரை, பக்கக்காற்று கூடக் கூட டிஸ்க்கின் இழுவை குறைந்துகொண்டே வரும், பாய்மரம் வேலை செய்யும் அதே இயற்பியல்தான்.

சர்வதேச சைக்கிள் ஓட்டக் கூட்டமைப்பான யூ.சி.ஐ.-இன் விதிப்படி டைம் ட்ரையலில் டிஸ்க் வீலுக்கு அனுமதி உண்டு. கூட்டமாகப் புறப்படும் சாலைப் பந்தயத்தில் கிடையாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் போட்டிக்குப் போட்டி விதி மாறும். பலத்த பக்கக்காற்றுக்குப் பேர்போன ஹவாயின் கோனா டிரையத்லான் பந்தயத்தில் நெடுங்காலம் அதற்குத் தடை இருந்தது. பெயர் கொடுக்கும் முன் விதியைப் படித்துவிடுங்கள்.

படி 3: முன்சக்கரத்தில் அவசரப்படாதீர்கள்

சிக்கல் முழுவதும் இங்கேதான். காற்று முன்சக்கரத்தைத் தள்ளும் விசையின் மையம், ஹேண்டில்பார் திரும்பும் அச்சுக்கு நேராக இருப்பதில்லை. பெரும்பாலும் அதற்கு முன்னால் விழுகிறது. அதனால் வீச்சு வரும்போது சக்கரம் நகர்வதோடு நிற்காமல் திரும்பவும் பார்க்கிறது. ஏரோ பாரில் இரண்டு கைகளும் நடுவில் நெருக்கமாக இருப்பதால், அந்தத் திருப்பத்தைத் தடுத்துப் பிடிப்பது கடினம்.

நான் சொல்லும் அளவு இது: முன்னறிவிப்பில் வீச்சு மணிக்கு 20 கி.மீ.க்குள் இருந்தால் 60 முதல் 80 மி.மீ. ஆழமுள்ள ரிம். 20 முதல் 35 வரை என்றால் 50-ஐ ஒட்டி. அதற்கு மேல் 40 போதும். உடல் எடை 60 கிலோவுக்குக் குறைவு என்றாலோ, இப்போதுதான் ஏரோ பார் பழகுகிறீர்கள் என்றாலோ ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள். இறக்கமும் பாலமும் உள்ள பாதைக்கும் அப்படியே.

படி 4: ஆழத்தை மட்டும் பார்க்காமல் வடிவத்தையும் பாருங்கள்

ஒரே ஆழமுள்ள இரண்டு ரிம்கள் காற்றில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். சக்கரத்தின் முன்பாதியில் காற்றை முதலில் சந்திப்பது டயர். பின்பாதியில் முதலில் சந்திப்பது ரிம்மின் உள்விளிம்பு. பழைய ‘வி’ வடிவ ரிம்மில் அந்த உள்விளிம்பு கூர்மையானது. காற்று சற்றுச் சாய்ந்து வந்தாலே காற்றோட்டம் ரிம்மைவிட்டுப் பிரிந்துவிடும். பிரிவதும் ஒட்டுவதும் சட்டென்று நடப்பதைத்தான் கையில் வெடுக்கென்ற உதறலாக உணர்கிறோம். அகலமாகவும் உள்விளிம்பு உருண்டும் இருக்கும் ரிம்மில் இந்த மாற்றம் மெதுவாக வரும், கை அதற்குள் சுதாரித்துக்கொள்ளும். 60 மி.மீ. ஆழமுள்ள அகலமான ரிம், 50 மி.மீ. ஆழமுள்ள ‘வி’ ரிம்மைவிட அடக்கமாக இருக்கவும் கூடும்.

டயரையும் சேர்த்தே பாருங்கள். காற்றடித்த பிறகு டயரின் அகலத்தை அளந்தால், ரிம்மின் வெளி அகலம் அதைவிடக் குறைந்தது 5 சதவீதம் கூட இருக்க வேண்டும். ‘105 விதி’ என்று சொல்வார்கள். 28 மி.மீ. டயருக்குச் சுமார் 29.5 மி.மீ. ரிம். டயர் ரிம்மைவிடப் பிதுங்கி நின்றால், ஆழத்துக்குக் கொடுத்த காசில் பாதிப் பலன் கிடைக்காது.

படி 5: காற்றடிக்கும் நாளில் ஓட்டிப் பாருங்கள்

முடிந்தால் இரவல் வாங்கியாவது ஓட்டுங்கள். போக்குவரத்து இல்லாத, திறந்தவெளிச் சாலை வேண்டும். முதலில் ஹேண்டில்பாரைப் பிடித்து, பிறகு ஏரோ பாரில். தோளையும் கையையும் இறுக்காதீர்கள். இறுக்கினால் காற்றின் ஒவ்வொரு தள்ளலும் நேராக ஹேண்டில்பாருக்குப் போகும். அரை மணி நேரத்தில் எத்தனை முறை ஏரோ பாரைவிட்டு எழுந்தீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். அடிக்கடி எழுந்தால் அந்த முன்சக்கரம் உங்களுக்கு வேண்டாம்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 50 அல்லது 60 மி.மீ. ஆழமும் அகலமான ரிம்மும் உள்ள முன்சக்கரத்தை வாங்குங்கள். முதலில் காற்றைச் சந்திப்பது அதுதான், வருடம் முழுக்கவும் ஓட்டலாம். பின்னால் இப்போதுள்ள சக்கரத்தின்மேல் கம்பிகளை மறைக்கும் மூடித்தகடு பொருத்திக்கொள்ளலாம். அதன் விலை டிஸ்க் வீலின் விலையில் சிறு பங்குதான், பலனில் டிஸ்க்குக்கு மிக அருகில் வரும். எல்லாப் பந்தயங்களும் மூடியை ஏற்பதில்லை என்பதால் அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆழமான ரிம்முக்கு வால்வ் நீட்டிப்பும், டிஸ்க்குக்கு வளைந்த பம்ப் தலையும் தேவைப்படும். சக்கரத்தோடு சேர்த்தே வாங்குங்கள்.