தோலுக்குள் இருப்பது ஒரே புரதம் இல்லை: டேனரிக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பேரணாம்பட்டில் ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பாய்லர் ஹோஸை இழுத்துக்கொண்டு, தோல்களைப் போட்டுச் சுழற்றும் டிரம்மின் கதவுப் பக்கம் போனான். "அண்ணா, தண்ணி ஆறிப்போச்சு. கொஞ்சம் வெந்நீர் விட்டா என்சைம் சீக்கிரம் வேலை செய்யும்ல?" என்றான். ஓடிப்போய் வால்வை மூடினேன். 18 வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு வால்வை மூட யாரும் பக்கத்தில் இல்லை.

கையுறை போடாதது, எடை பார்க்காமல் ரசாயனம் கொட்டுவது போன்றவற்றை எல்லாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்குக் கவலை தருவது தோலை வெறும் 'புரதம்' என்று மனதில் வைத்துக்கொண்டு டிரம்மைத் தொடுவதுதான். ஆட்டுத்தோலின் முடி கெரட்டின். தோலின் உடம்பு கொலாஜன். நார்களுக்கு நடுவே ஆல்புமினும் குளோபுலினும் இருக்கின்றன. சுண்ணாம்பு நீக்கிய தோலை என்சைம் விட்டு மென்மையாக்குவதைப் பேட்டிங் என்போம். அதற்கு நாம் கொட்டுகிற பொடியில் இருக்கும் டிரிப்சின் என்ற என்சைமும் ஒரு புரதம்தான். எல்லாமே அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகள். ஆனால் கோத்த வரிசை வேறு, மடிந்த விதம் வேறு. அதனால் ஒன்று தாங்குவதை இன்னொன்று தாங்காது.

ஊறவைக்கும் தண்ணீரைக் கவனிக்காதது

மே மாத மதியத்தில் வேலூர்ப் பக்கம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் தொட்டாலே சுடும். அதில் பச்சைத் தோலை ஊறப்போட்டால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஊறப்போடுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பை முதலில் போட்டு, சல்ஃபைடைப் பிறகு போடுவது

ஊறிய தோலில் முடியை நீக்கத்தான் சுண்ணாம்பும் சல்ஃபைடு என்ற கந்தக உப்பும் போடுகிறோம். கெரட்டின் சங்கிலிகளைக் கந்தகப் பாலங்கள் கட்டிப்போட்டிருக்கின்றன. ஒவ்வொரு பாலத்திலும் இரண்டு கந்தக அணுக்கள். சல்ஃபைடு இந்தப் பாலத்தை உடைப்பதால்தான் முடி கரைகிறது. கொலாஜனில் இப்படிப் பாலங்கள் கிடையாது, அதனால் அதே தொட்டியில் தோல் தப்பிக்கிறது. தோலை முதலில் வெறும் சுண்ணாம்பில் ஊறவிட்டால், பாலம் ஒற்றைக் கந்தகமாக மாறி இறுகிவிடும். அப்புறம் சல்ஃபைடை எவ்வளவு கொட்டினாலும் முடித் தண்டு கரையாது. முடியைக் கரைக்காமல் முழுசாக எடுக்க நினைப்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்வார்கள், ஏனென்றால் வேர்ப் பக்கத்துக் கெரட்டின் இன்னும் முற்றாமல் இருக்கும், அது மட்டும் கரைந்து முடி கழன்று வரும். முடியைக் கரைக்கப்போகிறோமா, காப்பாற்றப்போகிறோமா என்று முடிவு செய்த பிறகே சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

பேட்டிங் டிரம்மில் வெந்நீர்

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

கொலாஜன் மூன்று சங்கிலிகளை முறுக்கிய கயிறு. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஓர் இடத்தில் கிளைசின் வந்தாக வேண்டும். அமினோ அமிலங்களிலேயே சிறியது அது. கயிற்றின் நடுவில் அவ்வளவு சின்ன இடம்தான் இருக்கிறது, வேறெதுவும் நுழையாது. இந்த மூன்று சங்கிலி அமைப்பை 1954-ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி முன்வைத்தார்கள். நாம் தினமும் கையில் புரட்டும் பொருளின் வடிவத்தை இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

முறுக்கு இறுகி இருக்கும்வரை டிரிப்சினால் அந்தக் கயிற்றைக் கடிக்க முடியாது. நார்களுக்கு நடுவே மிஞ்சிய வேண்டாத புரதங்களை மட்டும் தின்றுவிட்டுப் போகும். பேட்டிங் என்ற வேலையே இதை நம்பித்தான் நடக்கிறது. பச்சைத் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரிவரை தாங்கும். சுண்ணாம்பில் கிடந்து வந்த தோலுக்கு அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். கொதிநீர் நேராகப் பட்ட இடத்தில் முறுக்கு அவிழ்ந்து தோல் ஜெலட்டினாகிறது. டிரம் சுற்றச் சுற்ற அந்தச் சூடு ஆறி, மிச்சத் தண்ணீரில் உயிரோடு இருக்கும் டிரிப்சின் வந்து சேர்கிறது. இப்போது அதற்குத் தடை எதுவும் இல்லை, அவிழ்ந்த சங்கிலியை ஆசை தீரத் தின்னும். ஒரே தவறில் இரண்டு சேதம்.

அன்றைக்கு நான் கதவைத் திறந்தபோது மேலே கிடந்த தோல்களின் ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டிருந்தது. தூக்கிப் பார்த்தால் ரப்பர் போல் இழுபட்டது, சில இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது. நகத்தால் கீறியதும் மேல்தோல் வழித்துக்கொண்டு வந்தது. 400 ஆட்டுத்தோலில் பாதிக்கு மேல் போயிற்று. ஆறவைத்தால் திரும்பி வரும் என்று குளிர்ந்த தண்ணீர் விட்டேன். வரவில்லை. நாருக்குள் அடுக்கியிருந்தபடி அந்தச் சங்கிலிகள் மறுபடி சேர்வதில்லை.

தண்ணீர் ஆறிவிட்டால் வெளியே ஒரு டப்பில் கலந்து, தெர்மாமீட்டரில் 37 டிகிரி பார்த்து, பிறகு விடுங்கள். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் சூட்டைக் கூட்டாதீர்கள். தோலைக் குறுக்கே வெட்டி, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் ஃபினாஃப்தலீன் ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் உள்ளே சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது, காரம் அதிகமான அந்த இடத்தில் என்சைம் சரியாக வேலை செய்யாது. பலநாள் 'என்சைம் மெதுவாப் போகுது' என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். பேட்டிங் போதுமா என்று அறிய, தோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் தடம் அப்படியே நின்றால் டிரம்மை நிறுத்தலாம்.

அமிலத்துக்கு முன் உப்பு

குரோம் போடும் முன் தோலை அமிலத்தில் ஓட்டுவோம். அப்போது உப்பில்லாமல் அமிலம் விட்டால் கொலாஜன் ஊதிவிடும். வேறு விளக்கம் தேவையில்லை.

குரோம் தோலின் கணக்கை ஆவாரம்பட்டைத் தோலுக்குப் போடுவது

குரோமியம் கொலாஜனின் அமிலப் பக்கச் சங்கிலிகளைப் பிடித்துக் கட்டுவதால், நன்றாகப் பதனிட்ட துண்டு கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் கிடந்தாலும் சுருங்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் டேனின் பிடிப்பு வேறு மாதிரி, அந்தத் தோல் ஏறக்குறைய 80 டிகிரியிலேயே சுருங்க ஆரம்பிக்கும். கொதிநீர்ச் சோதனைக்குத் துண்டு வெட்டும் முன் அது எந்த டிரம்மில் இருந்து வந்தது என்று கேளுங்கள்.