குவான்சோ போகிறவர்களுக்கு: முதலில் கடற்கரை, அப்புறம் கோவில்

சீனாவுக்குச் சரக்கெடுக்கப் போகும் நம் ரங்கூன் ஆட்கள் இப்போதெல்லாம் ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: "குவான்சோவில் சிவன், பெருமாள் சிற்பமெல்லாம் இருக்காமே, எப்படிப் போவது?" குவான்சோ தென்கிழக்குச் சீனாவின் ஃபுஜியான் கரையில் இருக்கும் பழைய துறைமுகம். போவது கஷ்டமில்லை. ஆனால் போனவர்களில் பலர் கையுவான் என்ற புத்த கோவிலின் பின்பக்கம் இருக்கும் இரண்டு தூணையும் படம் பிடித்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தூண்கள் அங்கே ஏன் நிற்கின்றன என்பதைக் கோவில் சொல்லாது, கடற்கரைதான் சொல்லும். ஸ்ட்ராண்டு ரோட்டில் சரக்கு விடுவிக்கும் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். ஒரு துறைமுகத்தை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறதோ, அந்த வரிசையில் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் இங்கேயே பார்த்துவிட வேண்டியவை இரண்டு.

ஒன்று, பர்மாவின் பழைய தலைநகரான பாகான். அங்கே மியின்கபாவில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. மலைமண்டலத்து (கேரளத்து) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், புக்கமான அரிவத்தனபுரத்து (அதாவது பாகான்) நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோவிலுக்கு ஒரு மண்டபமும் கதவும் நின்றெரியும் விளக்கும் கொடுத்த செய்தி அது. நானாதேசிகள் என்றால் பல தேசத்துக்கும் போய் வந்த வணிகக் கூட்டத்தார். பாகானின் நத்லாவுங் சாவுங் பெருமாள் கோவிலுக்குள் ஒரு தடவை நின்றுவிட்டுப் போங்கள். குவான்சோவுக்குப் போனவர்களும் இதே மாதிரி ஆட்கள்தான், காலமும் ஏறக்குறைய அதேதான்.

இரண்டாவது, நம் ஸ்ட்ராண்டு ரோட்டிலேயே இருக்கும் ஹொக்கியன் சீனர்களின் கெங் ஹொக் கியோங் கோவில். காளியம்மன் கோவிலிலிருந்து நடந்தே போய்விடலாம். கடல் தாயான மாசு அம்மனுக்குக் கட்டியது. ஃபுஜியான் கரையிலிருந்து கப்பலேறி இங்கே வந்து தங்கியவர்கள் தங்கள் தெய்வத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். குவான்சோவின் தெற்கு வாசலருகே அதே அம்மனுக்கு 1196-இல் எழுப்பிய கோவில் இருக்கிறது. இங்கே ஒருமுறை உள்ளே போய் வந்தவர்களுக்கு அங்கே எல்லாம் பழகிய இடம்போல இருக்கும். ரங்கூன் சைனாடவுனான லத்தாவில் உங்களுக்குத் தெரிந்த ஹொக்கியன் பெரியவர் யாராவது இருந்தால், போக வேண்டிய இடங்களின் பெயரைச் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்களுக்கு வழிகாட்டி. கூகுள் மேப்பை நம்பிப் போகாதீர்கள், அங்கே அது உதவாது.

எந்த மாதம் போவது? கப்பல்காரர்கள் பார்த்த காற்றை நீங்களும் பாருங்கள். குளிர்காலத்து வடகிழக்குக் காற்றில் குவான்சோக் கப்பல்கள் தெற்கே இறங்கும். கோடையில் தென்மேற்குக் காற்று அவற்றைத் திருப்பிக் கொண்டுவரும். ஊருக்கு மேற்கே நான்-ஆனில் ஜியூரி மலை என்று ஒரு சிறு குன்று உண்டு. சோங் அரச வம்சக் காலத்து அதிகாரிகள் நல்ல காற்றுக்காக அங்கே வேண்டுதல் நடத்தி, அதைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். காற்றைக் கேட்டு அரசாங்கமே சடங்கு செய்கிறது என்றால், ஊரின் வருமானம் எதில் இருந்தது என்று விளங்கிவிடும். நமக்கு நல்ல காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம், அப்போது வேண்டாம்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசா கட்டாயம். குன்மிங் அல்லது குவாங்சோ (கான்டன், பெயர் ஒத்திருந்தாலும் வேறு ஊர்) வழியாக ஷியாமென் போய், அங்கிருந்து ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் குவான்சோ. டிக்கெட் வாங்கும்போது நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். 2023-இல் திறந்த புதிய அதிவேகப் பாதையில் குவான்சோ தெற்கு, குவான்சோ கிழக்கு என்று இரண்டு நிலையங்கள் உண்டு. இரண்டும் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கின்றன. வெறும் 'குவான்சோ' என்று இருப்பதுதான் பழைய நிலையம், நகருக்குப் பக்கம். பணம் கட்டும் ஆப்பான அலிபேயை இங்கேயே போனில் ஏற்றிச் சரிபார்த்துவிடுங்கள், கொஞ்சம் யுவான் ரொக்கமும் வைத்திருங்கள். பாஸ்போர்ட் எப்போதும் இடுப்புப் பையில் இருக்கட்டும். ஓட்டலிலும் ரயிலிலும் கேட்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாளை ஃபெங்சே மாவட்டத்துக்குக் கொடுங்கள். குவான்சோ என்பது பெரிய மாநகரப் பகுதி. பழைய நகரம் லிச்செங் மாவட்டத்தில் இருக்கிறது. அதிலிருந்து 1997-இல் பிரித்து உண்டாக்கியதுதான் ஃபெங்சே. பழைய நகருக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. தெற்கே ஜின்ஜியாங் ஆறு, வடகிழக்கே லுவோயாங் ஆறு, இரண்டும் குவான்சோ விரிகுடாவில் விழுகின்றன. வடக்கே சிங்யுவான் மலை. மலை, இரண்டு ஆறு, விரிகுடா: இந்தப் படத்தை மனதில் போட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும்.

காலையில் ஷுன்பு கிராமத்துக்குப் போங்கள். ஜின்ஜியாங் ஆற்றின் வாயருகே இருக்கும் மீனவர் ஊர். பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூச்சரத்தை வளையம் வளையமாக வைத்துக்கொள்வார்கள். நம் பெண்களுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போகும். அந்த அலங்காரத்தை வாடகைக்குப் போட்டுப் படம் எடுக்க வெளியூர்க் கூட்டம் குவிகிறது, அதனால் சீக்கிரமே போய்விடுவது நல்லது. பழைய வீட்டுச் சுவர்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். சிப்பி ஓடுகளைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கிக் கட்டியவை, மீன் செதில் மாதிரி இருக்கும். இவற்றில் பெரிய ஓடுகள் இந்தக் கரையுடையவை அல்ல, தென்கடலுக்குப் போன கப்பல்கள் திரும்பும்போது பாரத்துக்காக அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவை என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். வாசலில் ஆச்சிகள் உட்கார்ந்து சிப்பியை உடைத்துச் சதையைத் தட்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிப்பியை மாவும் முட்டையும் சேர்த்துக் கல்லில் சுட்டுத் தருவது இந்த ஊர்ப் பலகாரம். சைவம் சாப்பிடுகிறவர்கள் "வோ ச்சி சூ" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கோவில்களை ஒட்டி சைவக் கடைகள் கிடைக்கும். பூண்டு வெங்காயம்கூடப் போட மாட்டார்கள்.

கடல் வற்றும் நேரத்தை ஓட்டலில் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குக் கரையில் நில்லுங்கள். தண்ணீர் விலகியதும் சேறு, சேறு, கண்ணுக்கெட்டிய மட்டும் சேறு. நம் ரங்கூன் ஆற்றில் கடல் ஏற்றத்துக்காகக் கப்பல் காத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். தூர் வாராத துறை மெல்ல மெல்லச் செத்துவிடும். குவான்சோவுக்கு அது மட்டும் இல்லை, அடிமேல் அடி விழுந்தது. 1357 முதல் 1366 வரை ஊரில் கலகம். அதன்பின் வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்துக்கே தடை போட்டது. 1087-இல் இங்கே அமைத்த கடல் வணிக அலுவலகத்தை, நம் கணக்கில் சுங்க ஆபீஸ், 1470-களில் ஃபூசோவுக்கு மாற்றிவிட்டார்கள். சுங்க ஆபீஸ் போன ஊரில் என்ன மிஞ்சும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பிழைப்புத் தேடி மக்கள் தெற்கே கப்பலேறினார்கள். லத்தாவில் இருக்கும் ஹொக்கியன் குடும்பங்களின் கதை இந்தக் கரையின் கதைதான்.

அதே நாளில் ஹோசூவையும் எட்டிப் பாருங்கள். லுவோயாங் ஆற்று வாயில் இருந்த பழைய துறை. 1974-இல் இந்தச் சேற்றிலிருந்துதான் சோங் காலத்துக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். கப்பல் இப்போது இங்கே இல்லை, நாளை பார்ப்போம். நேரம் இருந்தால் லுவோயாங் பாலத்துக்கும் போகலாம். 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்த கல் பாலம். அதிகாரி சாய் ஷியாங் முன்னின்று கட்டியது. அடித்தூண்களின் கற்கள் ஒட்டிப் பிடிக்கட்டும் என்று அவற்றின்மேல் சிப்பியை வளர்த்தார்கள். குனிந்து பார்த்தால் தூண்கள் படகு மூக்கு மாதிரி கூராக இருக்கும், நீரோட்டத்தைக் கிழிப்பதற்காக.

தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் லிங்ஷான் அடக்கத்தலத்தை விடக்கூடாது, அதுவும் ஃபெங்சேயில்தான். கடற்பயணத்துக்கு முன்னால் மிங் அரசின் கப்பற்படைத் தளபதி ஜெங் ஹே இங்கே வந்து ஊதுவத்தி ஏற்றி வேண்டியதைச் சொல்லும் 1417-ஆம் வருஷக் கல் நிற்கிறது. இலங்கையில் காலியில் தமிழிலும் சீனத்திலும் பாரசீகத்திலும் எழுதிய கல்லை நாட்டியவரும் அவரே. பழைய நகரில் 1009-ஆம் ஆண்டுப் பள்ளிவாசலும் உண்டு. கல் சுவரும் உயர்ந்த வாசலும் இன்றும் நிற்கின்றன.

இரண்டாம் நாள் கடல்சார் அருங்காட்சியகம், பிறகு கையுவான் கோவில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அருங்காட்சியகம் ஃபெங்சேயில், கிழக்கு ஏரிப் பக்கம். அதில் இந்துக் கற்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. நான்கு கைப் பெருமாள் நிற்கிறார். லிங்கத்துக்கு யானை பூசை செய்யும் பலகையைத் தேடிப் பிடியுங்கள். திருவானைக்கா கதை தெரிந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கற்கள் எப்படிப் பிழைத்தன என்பதும் முக்கியம். தமிழ் வணிகர்களின் கோவில் அழிந்தபின் கற்களை நகரச் சுவருக்கும் வேறு கட்டடங்களுக்கும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் சுவரை இடித்தபோது அவை வெளியே வந்தன. வூ வென்லியாங் என்ற உயிரியல் ஆசிரியர் தன் கைக்காசைப் போட்டு அவற்றைத் தேடிச் சேர்த்தார். நம் முன்னோர் கல்லை நமக்காகக் காப்பாற்றி வைத்தவர் தமிழ் ஒரு வரி படிக்கத் தெரியாத ஒரு பள்ளி வாத்தியார். அங்கே நிற்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

குவான்சோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் வாசகத்தைப் போவதற்கு முன்பே ஒரு தாளில் அச்சடித்து வாசித்துப் பழகுங்கள். சகாப்தம் 1203, சித்திரை மாதம், சித்திரை நாள். அதாவது 1281 ஏப்ரல். செகசைக்கானின் நலத்துக்காக, அவர் பர்மான்படி (அரச உத்தரவுப்படி), திருக்கதலீசுரமுடைய நாயனாரை, அதாவது சிவனை, சம்பந்தப் பெருமாளான தவச்சக்கரவர்த்திகள் எழுந்தருளப் பண்ணினார். கடைசியில் ஒரு வரி சீனத்தில். செகசைக்கான் என்பது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். வருஷத்தைப் பாருங்கள்: சோங் அரசு 1279-இல் முடிந்து இரண்டே வருஷம். ஆட்சி மாறிய சூட்டிலேயே புதிய அரசனின் உத்தரவை வாங்கிக் கோவில் எடுக்கிறார்கள். தொழில் தெரிந்த ஆட்கள். மதுரையில் அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், அங்கிருந்து தூதும் சரக்கும் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கமும் நடந்தது: நாகப்பட்டினத்தில் 1267-இல் சீனர்கள் செங்கல் கோபுரம் ஒன்று கட்டினார்கள், 1867-இல்தான் அதை இடித்தார்கள்.

கையுவானுக்குள் நுழைந்ததும் தூண்களை நோக்கி ஓடாதீர்கள். கிழக்குப் பக்கம் கப்பல் கூடம் இருக்கிறது, முதலில் அங்கே. ஹோசூவில் எடுத்த கப்பல் இதுதான். மிஞ்சிய பகுதியே 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். தடுப்புப் பலகை வைத்து 13 அறை. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றது தப்பும். அடிக்கட்டை இணையும் இடத்தில் குழி வெட்டிக் காசும் வெண்கலக் கண்ணாடியும் வைத்திருந்தார்கள், வீட்டுக்கு நிலை வைக்கும்போது நாம் காசு போடுகிற மாதிரி. உள்ளே வாசனைக் கட்டைகள், மிளகு, பாக்கு, குங்கிலியம், ஆமை ஓடு.

எனக்கு அந்தக் கூடத்தில் எல்லாவற்றையும்விட மனதில் நின்றவை மரச்சீட்டுகள். சரக்கு யாருடையது என்று எழுதி மூட்டையில் கட்டியிருந்த சின்னச் சின்ன மரத்துண்டுகள், மொத்தம் 96. ஸ்ட்ராண்டு ரோடு கிடங்கில் சாக்கின்மேல் மை தடவி மார்க் போடுவோமே, அதே வேலை, அதே காரணம்: இறக்கும்போது உன்னுடையது என்னுடையது என்று சண்டை வரக்கூடாது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறான். இங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள்.

இப்போது தூண்களுக்குப் போகலாம். பெரிய மண்டபத்தின் பின் தாழ்வாரத்தில், பதினாறு பட்டையுள்ள இரண்டு தூண்கள், அழிந்த இந்துக் கோவிலிலிருந்து வந்தவை. நரசிம்மர், மருத மரம் சாய்க்கும் கண்ணன், கஜேந்திர மோட்சம் எல்லாம் வட்டத்துக்குள் செதுக்கியிருக்கும். முன்பக்க மேடையின் அடியில் சிங்க உடல் கொண்ட உருவங்கள் வரிசையாக இருக்கின்றன, குனிந்தால்தான் தெரியும். மாலை வெயிலில் நிழல் விழுந்து செதுக்கல் நன்றாக எடுத்துக் காட்டும். தூணைக் கையால் தடவாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் கையில் இருந்தால் ஆற்றைத் தாண்டி ஜின்ஜியாங் பக்கம் ச்சிதியான் கிராமத்துக்குப் போங்கள். ஒரு சிறு கோவிலில் நம் அம்மன் சிற்பம் ஒன்றைச் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று ஊர்மக்கள் இன்றும் கும்பிடுகிறார்கள். "இது எங்கள் சாமி" என்று அங்கே வாதம் பண்ண வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுக்கும் ஊதுவத்தியை வாங்கி ஏற்றுங்கள். கைவிடாமல் கும்பிட்டு வருகிறவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது மரியாதை.

வியாபாரம் பார்க்கப் போகிறவர்களுக்கு நகரைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் வேலை. ஜின்ஜியாங் செருப்புக்கும் ஷூவுக்கும், ஷிஷி துணிமணிக்கும், நான்-ஆன் குழாய்ச் சாமான், சலவைக்கல்லுக்கும், ஹுய்-ஆன் கல் சிற்பத்துக்கும், தெகுவா பீங்கானுக்கும், ஆன்ஷி தேயிலைக்கும் பேர்போனவை. கோவில் திருப்பணிக்குக் கல் வேலை பார்க்கும் நம் தர்மகர்த்தாக்கள் ஹுய்-ஆன் பட்டறைகளை ஒரு நடை பார்க்கலாம். 1980-களில் வெளிநாட்டு உறவுக்காரர்கள் அனுப்பிய பணமும் ஊர்க்காரர்களின் சிறு பட்டறைகளும் சேர்ந்து எழுந்த தொழில்கள் இவை. 2020-இல் குவான்சோவின் ஆண்டு உற்பத்தி ஒரு லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. ஃபெங்சேயில் ஆலையைவிட ஆபீசும் கடையும்தான் அதிகம், நகராட்சி அலுவலகமும் அங்கேதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சீனாவில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு, திங்கள் என்று இரண்டு நாளை வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். செவ்வாய்க்கிழமை ஷுன்புவில் தொடங்குங்கள்.