கடை சொன்னால் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்

"அங்கே பிரியாணி சூப்பர்" என்பது பாதித் தகவல்தான். எந்தக் கிளை, எந்த ஐட்டம், எத்தனை மணிக்கு என்பதும் தெரிந்தால்தான் கேட்டவருக்குப் பிரயோஜனம்.

இதில் நேரம்தான் பெரிய விஷயம். ஆம்பூர், திண்டுக்கல் பக்கம் மதிய பிரியாணிக்குப் பல கடைகளில் 12 மணியை ஒட்டித் தம் உடைப்பார்கள், அதாவது மூடி வைத்த அண்டாவைத் திறப்பார்கள். 3 மணிக்குப் போனால் கிடைப்பது அண்டாவின் அடிதான். சீரகச் சம்பா பொடிசான அரிசி. கரண்டி போடப் போட உடைந்து குழையும், கறியும் உதிர்ந்திருக்கும். தாமதமாகிவிட்டால் அடுத்த அண்டா எப்போது இறங்கும் என்று கல்லாவில் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

வெண்பொங்கல் என்றால் காலை 8 மணிக்குள். பிறகு இறுகிவிடும், வெந்நீர் ஊற்றித் தளர்த்திய பொங்கலில் நெய் வாசம் இருக்காது.

மதுரைக் கறி தோசைக்கு அவசரம் ஆகாது. மாவு, முட்டை, மேலே கொத்துக்கறி என்று தடிமனாக வேக வேண்டியது. இரவு 9 மணிக் கூட்டத்தில் தீயைக் கூட்டினால் வெளியே கருகும், நடுவில் மாவு பச்சையாக நிற்கும். 7 மணிக்கே போய்விடுவது நல்லது.

பார்சலா? பரோட்டாவும் சால்னாவும் தனித்தனியாக. நெய் ரோஸ்ட் வேண்டவே வேண்டாம், ஆவியில் நமுத்துவிடும்.

இன்னொன்று: கடைசியாக எப்போது அங்கே சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மாஸ்டர் மாறினால் போர்டு அதேதான், கை வேறு.